முழு உடலுறவு இல்லாத நெருக்கத்துக்குப் பிறகு எச்.ஐ.வி. பயமா? யாழ்ப்பாணத்தில் என்ன செய்வது, எப்போது செய்வது

முத்தம், தடவல், கையால் செய்தது, உடையோடோ உடையின்றியோ உரசியது, வாய்வழி உறவு. இவற்றில் ஏதோ ஒன்று நடந்து, அதற்குப் பிறகு தூக்கம் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித் தூக்கம் போனவன்தான். யாரிடம் கேட்பது, எந்தக் கதவைத் தட்டுவது, எத்தனையாம் நாள் இரத்தம் கொடுப்பது என்று நம்மூர் நிலைமைக்குப் பொருந்த ஒரே இடத்தில் தமிழில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் ஒன்று வெருட்டியது, இல்லாவிட்டால் புத்திமதி சொன்னது.

நடந்தது சரியா பிழையா என்ற பேச்சு இங்கே இல்லை. அது விருப்பமின்றி, வற்புறுத்தலால் நடந்திருந்தால் இந்த வரிசையைப் பின்பற்றிக்கொண்டிருக்க வேண்டாம். யாழ். போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே போங்கள். இரவானாலும் போகலாம்.

1. நடந்ததைத் தாளில் எழுதுங்கள்

கைபேசியில் எழுத வேண்டாம். அதைத் திறந்தால் அடுத்த நிமிடம் அறிகுறி தேடத் தொடங்கிவிடுவீர்கள். ஒரு தாளில் நான்கு விடயங்களை எழுதினால் போதும்: திகதியும் நேரமும், என்ன நடந்தது, யாருடைய உடல் திரவம் உங்கள் உடலில் எங்கே பட்டது, யாருக்காவது புண்ணோ இரத்தமோ இருந்ததை நீங்கள் கண்ணால் கண்டீர்களா. "ஒருவேளை" என்று தொடங்கும் வசனம் எதுவும் அந்தத் தாளில் வரக் கூடாது. பயத்தில் பாதி அந்த ஒருவேளைகளில்தான் இருக்கிறது.

இப்போது அந்தத் தாளை இந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள். எச்.ஐ.வி. இரத்தம், விந்து, விந்துக்கு முன் வரும் நீர், பெண்ணுறுப்புத் திரவம், குதத் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றில்தான் தொற்றக்கூடிய அளவில் இருக்கும். எச்சில், வியர்வை, கண்ணீர் இவற்றால் பரவாது. அந்தத் திரவமும் குதம், பெண்ணுறுப்பு, ஆணுறுப்பின் நுனி, வாய் போன்ற மென்சவ்வையோ திறந்த காயத்தையோ சென்று சேர வேண்டும். முழுத்தோல் அதை உள்ளே விடாது. காற்றுப் பட்டு உலர்ந்த திரவத்தால் தொற்றாது.

ஆகவே முத்தம், கட்டிப்பிடித்தல், உடையோடு உரசல், கையால் ஒருவருக்கொருவர் செய்துகொண்டது, மசாஜ் ஆகியவற்றால் எச்.ஐ.வி. வராது. விரலில் நகத்தோரம் பழைய கீறல் இருந்ததே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பொருக்குக் கட்டிய கீறல் திறந்த காயம் அல்ல. உடையின்றி உறுப்போடு உறுப்பு உரசியது, ஆனால் உள்ளே செல்லவில்லை என்றால், எச்.ஐ.வி. ஆபத்து பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது. வாய்வழி உறவிலும் மிகக் குறைவு. ஆனால் வாய்வழி உறவு மற்ற நோய்களின் கணக்கில் வேறு கதை. அது மூன்றாம் படியில் வருகிறது.

2. 72 மணித்தியாலம் யாருக்கு முக்கியம்?

எச்.ஐ.வி. உடலில் ஊன்றுவதற்கு முன் தடுக்கும் மாத்திரை இருக்கிறது. 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முந்துகிறீர்களோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் குடிக்க வேண்டும். இதைப் பற்றி வாசித்தவுடன் எல்லோருக்கும் அந்த மாத்திரை வேண்டும் என்று தோன்றும். மேலே சொன்ன முத்தம், கை, உரசல் வகைகளுக்கு வைத்தியர் அதைக் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. பக்கவிளைவுள்ள மருந்தை இல்லாத ஆபத்துக்கு எதற்காகக் குடிப்பது?

உங்கள் தாளில் வேறு ஏதாவது இருந்தால், உதாரணமாகச் சிறிது நேரமாவது ஆணுறையின்றி உள்ளே சென்றிருந்தால், அல்லது மற்றவரின் புதிய இரத்தம் உங்கள் திறந்த காயத்தில் பட்டிருந்தால், இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு இன்றே யாழ். போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய் கிளினிக்குக்குப் போங்கள். கிளினிக் பூட்டியிருக்கும் நேரமென்றால் அவசர சிகிச்சைப் பிரிவு.

பெண்களுக்கு இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. உள்ளே செல்லாவிட்டாலும், பெண்ணுறுப்பு வாசலில் விந்து பட்டிருந்தால் கருத்தரிக்கச் சிறு வாய்ப்பு உண்டு. அவசர கருத்தடை மாத்திரையைப் பாமசியில் வாங்கலாம். அதுவும் 72 மணித்தியாலத்துக்குள். எச்.ஐ.வி.யை நினைத்துப் பயந்துகொண்டிருக்கும்போது இது மறந்துபோகிறது.

3. தோலால் பரவுபவற்றைப் பாருங்கள்

எல்லோரும் எச்.ஐ.வி.க்குப் பயப்படுகிறார்கள். முழு உடலுறவு இல்லாத நெருக்கத்தில் உண்மையில் வரக்கூடியவை வேறு. அவற்றில் பெரும்பாலானவை மருந்தால் மாறுபவை, மாறாதவையும் கட்டுக்குள் வருபவை.

சிபிலிஸ், ஹேர்ப்பீஸ், மருக்களை உண்டாக்கும் எச்.பி.வி. ஆகிய மூன்றும் தோலோடு தோல் உரசினால் பரவும். சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது. பொதுவாக மூன்று கிழமை அளவில் வரும், 10 நாள் முதல் 90 நாள் வரை எப்போதும் வரலாம். வலிக்கவில்லை என்பதற்காக விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். புண் தானாக ஆறியும் விடும், நோய் உள்ளே இருக்கும். ஆரம்பத்திலேயே பிடித்தால் பெனிசிலின் ஊசியோடு முடிகிற விடயம் இது. ஹேர்ப்பீஸ் இதற்கு எதிர்மாறு: 2 முதல் 12 நாளில் சிறு கொப்புளங்கள், எரிச்சல், வலி. மரு தோன்ற மாதக்கணக்கில் எடுக்கலாம். சிரங்கும் அந்தரங்கப் பேனும்கூட நெருக்கத்தால் வரும். அரிப்பு அவற்றின் அடையாளம்.

வாய்வழி உறவில் இவற்றோடு கொனோரியாவும் கிளமிடியாவும் சேர்கின்றன. சிறுநீர் கழிக்கும்போது கடுப்பு, உறுப்பிலிருந்து சீழ் போன்ற கசிவு இருந்தால் நாட்கணக்குப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். தொண்டையில் வந்தால் பெரும்பாலும் எந்த அடையாளமும் இருக்காது. அதனால் வாய்வழி உறவு நடந்ததை வைத்தியரிடம் நீங்களாகச் சொன்னால்தான் அவர் தொண்டையிலிருந்து மாதிரி எடுப்பார்.

ஒரு விடயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பயம் வந்தவுடன் வெளிச்சத்தில் நின்று உறுப்பைத் துருவிப் பார்க்கத் தொடங்குகிறோம். ஆணுறுப்பின் தலையைச் சுற்றி வரிசையாக இருக்கும் முத்துப் போன்ற சிறு புள்ளிகளும், தோலில் தெரியும் வெளிர்மஞ்சள் புள்ளிகளும் பலருக்கு இயல்பாகவே இருப்பவை. அவை முன்பும் இருந்தன, நீங்கள் பார்க்கவில்லை.

4. நாட்காட்டியில் இரண்டு திகதிகளைக் குறியுங்கள்

இதுதான் முழுக் கட்டுரையிலும் முக்கியமான படி. பனங்கொட்டை நட்ட மறுநாள் கிழங்கு தோண்டுபவர் யாரும் இல்லை, ஆனால் நெருக்கம் நடந்த மறுநாள் இரத்தம் கொடுக்க ஓடுபவர்கள் நிறைய. அந்தச் சோதனை உங்கள் பழைய நிலையைத்தான் சொல்லும்.

முதல் திகதி, நடந்த நாளிலிருந்து 45 நாள். நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்தில் செய்யும் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. சோதனை வைரசின் ஒரு பகுதியையும் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளையும் சேர்த்துத் தேடுகிறது. 45ஆம் நாளில் அது இல்லை என்று சொன்னால் நம்பலாம்.

இரண்டாம் திகதி, 90 நாள். விரலில் குத்தி உடனே முடிவு சொல்லும் சோதனைகளும், வாயோரம் தடவிப் பார்க்கும் சுயசோதனையும் எதிர்ப்புப் பொருளை மட்டும் தேடுவதால் இவ்வளவு காலம் வேண்டும். சிபிலிஸ் இரத்தப் பரிசோதனையின் இறுதி முடிவுக்கும் 12 கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொனோரியா, கிளமிடியா சோதனைக்கு இரண்டு கிழமை போதும்.

எந்த இரத்தப் பரிசோதனை என்று கேட்காமல் "எயிட்ஸ் டெஸ்ட்" என்று மட்டும் கேட்டுச் செய்துவிட்டு, பிறகு அது 45 நாள் வகையா 90 நாள் வகையா என்று தெரியாமல் புதிதாகக் கவலைப்படுபவர்கள் உண்டு. இரத்தம் கொடுக்கும்போதே கேளுங்கள்.

உங்கள் தாளில் இருப்பது முத்தமும் கையும் மட்டும்தான் என்றால், எச்.ஐ.வி. சோதனை உங்களுக்குத் தேவையே இல்லை. மனம் ஆறுவதற்காக ஒருமுறை செய்கிறீர்கள் என்றால் 45ஆம் நாளுக்குப் பிறகு செய்யுங்கள்.

5. எங்கே போவது, எதைக் கொண்டுபோவது, என்ன செலவு

இடம்: யாழ். போதனா வைத்தியசாலையில் இயங்கும் பாலியல் நோய் சிகிச்சை நிலையம். சுகாதார அமைச்சின் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் இப்படியான கிளினிக்குகள் உண்டு. வடக்கில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாவிலும் இருக்கின்றன. ஆஸ்பத்திரி வீதியில் தெரிந்த முகத்தைக் காணாமல் நடப்பது முடியாத காரியம் என்று நினைப்பவர்கள் வவுனியாவுக்குப் பஸ் ஏறலாம். இன்ன மாவட்டத்தவர் இன்ன கிளினிக்குக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள்: அந்த வைத்தியசாலைக்கு ஒரு நாளில் வருபவர்கள் எத்தனை பேர்! வாசலில் உங்களைக் காண்பவர் பல்லுக்கு வந்தீர்களா, கண்ணுக்கு வந்தீர்களா, யாரையாவது பார்க்க வந்தீர்களா என்பதை எப்படி அறிவார்? கேட்டால் "ஒரு ஆளைப் பார்க்க வந்தேன்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆவணம்: வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை. அடையாள அட்டையைக் காட்டினால்தான் பார்ப்போம் என்ற நிபந்தனையும் இல்லை. உங்களுக்கு ஓர் இலக்கம் தருவார்கள், அடுத்தமுறை அதைச் சொன்னால் போதும். அந்த இலக்கத் துண்டைத் தொலைக்காதீர்கள். தொடர்புக்கு ஒரு தொலைபேசி இலக்கம் கேட்பார்கள். வீட்டுத் தொலைபேசியைக் கொடுக்காமல், நீங்கள் மட்டும் எடுக்கும் இலக்கத்தைக் கொடுங்கள்.

செலவு: அரசாங்கக் கிளினிக்கில் வைத்தியரைக் காண்பது, இரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம். தனியார் ஆய்வுகூடத்தில் பணம் கட்ட வேண்டும், அங்கே "முழுப் பாலியல் நோய்ப் பொதி" என்று ஒரு நீண்ட பட்டியலை நீட்டுவார்கள். அதில் ஹேர்ப்பீஸ் இரத்தப் பரிசோதனையும் இருக்கும். அதற்குக் காசு கொடுக்காதீர்கள். உலகில் 50 வயதுக்குக் குறைந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு வாயோரம் வரும் ஹேர்ப்பீஸ் வைரஸ் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு அது சிறுவயதில் வந்தது. புண் இல்லாமல் இரத்தத்தை மட்டும் பார்த்து வரும் முடிவு உங்களுக்கு ஒரு புதிய பயத்தைத் தருவதைத் தவிர வேறு எதற்கும் உதவாது. நான் போன ஒரு தனியார் இடத்தில் பற்றுச்சீட்டு எழுதியவர் சோதனையின் பெயரைக் கூடமே கேட்க வாசித்தார். அரசாங்கக் கிளினிக்கில் அப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நேரம்: வேலை நாளில் காலையிலேயே போங்கள். வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. சாப்பிடாமல் போய், பயமும் சேர்ந்து, ஊசியைக் கண்டவுடன் தலைசுற்றி விழுவதுதான் மிச்சம். ஆனால் இரண்டு மணித்தியாலமாவது சிறுநீர் கழிக்காமல் போங்கள், மாதிரி எடுக்க வேண்டியிருந்தால் உதவும். போயா நாட்களையும் அரச விடுமுறைகளையும் நாட்காட்டியில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

நேரில் போகவே முடியாது என்பவர்களுக்கு, தேசிய நிகழ்ச்சித்திட்டத்தின் 'நோ ஃபோர் ஷுவர்' இணையத்தளம் வழியாகச் சுயசோதனைப் பெட்டி கோரலாம், நேரமும் பதியலாம். ஈறோரம் தடவி, 20 நிமிடம் காத்திருந்து பார்ப்பது அது. "எச்சிலில் வராது என்றீர்களே, பிறகு எப்படி வாயில் பார்க்கிறார்கள்?" என்று குழம்ப வேண்டாம். அது வைரசைத் தேடவில்லை, உடல் உருவாக்கிய எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. 90 நாள் கணக்கு இதற்குப் பொருந்தும். இரண்டு கோடு விழுந்தாலும் அது இறுதி முடிவல்ல, கிளினிக்கில் உறுதிப்படுத்த வேண்டும்.

6. உள்ளே என்ன நடக்கும்

வைத்தியர் தனியறையில் கேட்பார். யாருடன், எப்போது, எந்த வகையில், ஆணுறை இருந்ததா என்று நேரடியான கேள்விகள். ஆணா பெண்ணா என்றும் கேட்பார். எங்கிருந்து மாதிரி எடுப்பது என்று முடிவு செய்யத்தான். ஆணோடு நெருங்கிய ஆண்கள் பலர் இந்த இடத்தில் பொய் சொல்லிவிட்டு வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பொய் சொன்னால் தவறான இடத்தில் சோதனை நடக்கும், அவ்வளவுதான் பயன். சொல்ல வாய் வரவில்லை என்றால் முதலாம் படியில் எழுதிய தாளை நீட்டுங்கள். அதற்காகத்தான் எழுதச் சொன்னேன்.

பிறகு உறுப்பைப் பார்ப்பார்கள், தேவையானால் மாதிரி எடுப்பார்கள், இரத்தம் எடுப்பார்கள். பெண்கள் பெண் தாதியர் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். வெட்கமாக இருக்கிறதா? இலங்கையில் கர்ப்பிணித் தாய்மாருக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனைகள் வழமையாகச் செய்யப்படுகின்றன. தாயிடமிருந்து குழந்தைக்கு இவ்விரண்டும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை அங்கீகரித்தது. உங்கள் அக்காவோ மச்சாளோ பிள்ளை வயிற்றில் இருந்தபோது இதே இரத்தத்தைக் கொடுத்திருப்பார்கள்.

புறப்படுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது எந்த வகைச் சோதனை, முடிவு எப்போது, மீண்டும் வர வேண்டுமா. முடிவைப் பெற நேரில் வரச் சொன்னால் பதற வேண்டாம், எல்லோரையும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

7. காத்திருக்கும் நாட்களில் செய்யக் கூடாதவை

சோதனைக்குப் பதிலாக இரத்ததானம் செய்யாதீர்கள். "இரத்த வங்கியில் எப்படியும் சோதிப்பார்கள், பேசாமல் கொடுத்துப் பார்ப்போம்" என்று யோசனை சொல்ல நண்பர்கள் இருப்பார்கள். உங்கள் இரத்தத்தில் தொற்று உண்மையாகவே இருந்து, சோதனையில் தெரியாத ஆரம்ப நாட்கள் என்றால், அது ஒரு நோயாளியின் உடலுக்குள் போகும். இந்தப் பட்டியலில் மன்னிக்க முடியாதது இது ஒன்றுதான்.

பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக் குடிக்காதீர்கள். அரைகுறை மருந்து நோயை மறைக்கும், மாற்றாது. "மேகநோய்க்கு நிரந்தரத் தீர்வு" என்று விளம்பரம் போடுபவர்களிடம் போகாதீர்கள், அவர்களின் வருமானமே உங்கள் கூச்சம்தான். டெற்றோல் ஊற்றிக் கழுவாதீர்கள், அந்த எரிவையே பிறகு நோய் என்று நினைப்பீர்கள்.

காய்ச்சல் வந்தால் என்ன? எச்.ஐ.வி. தொற்றிய சிலருக்கு இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் காய்ச்சல், தொண்டைநோ, தோலில் சிவப்பு வரலாம் என்பது உண்மை. ஆனால் கார்த்திகை, மார்கழி மழையில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் வந்தவர் முதலில் நினைக்க வேண்டியது டெங்குவை. 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் இங்கே உயிர்களையும் எடுத்தது. "இது அதுதான்" என்று அறைக்குள் ஒளிந்து கிடந்து டெங்குவைத் தவறவிடாதீர்கள். பரசிற்றமோல் தவிர வேறு வலிநிவாரணி குடிக்காமல் வைத்தியரைக் காணுங்கள், இரத்த எண்ணிக்கை பாருங்கள்.

இந்த நாட்களில் துணை இருந்தால் ஆணுறை பாவியுங்கள். புண் இருந்தால் நெருக்கமே வேண்டாம்.

8. முடிவு கையில் கிடைத்த பிறகு

உரிய திகதிக்குப் பின் செய்த சோதனை நோய் இல்லை என்று சொன்னால் இல்லைதான். அந்தச் சம்பவத்துக்கு அது கடைசிச் சோதனை. வேறொரு ஆய்வுகூடத்தில் "சும்மா ஒருதரம்" பார்க்கத் தேவையில்லை.

ஏதாவது வந்திருந்தால்: முதற்கட்டச் சோதனைகள் சில நேரம் தவறாகவும் காட்டும். சிபிலிசுக்குச் செய்யும் வி.டி.ஆர்.எல். இரத்தச் சோதனை வேறு நோய்களாலும் "இருக்கிறது" என்று காட்டலாம். ஆகவே உறுதிச் சோதனை வரும்வரை எதையும் முடிவு செய்யாதீர்கள். எச்.ஐ.வி. உறுதியானாலும் மருந்து இலவசம், தினமும் குடித்து வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்தால் உறவின் மூலம் மற்றவருக்குப் பரவாது.

கனடாவுக்கு ஸ்பொன்சரில் போகக் காத்திருப்பவர்கள் இதில் இரட்டைப் பயத்தில் இருப்பார்கள். 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கான குடிவரவு மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டும் அடங்கும். அதைக் கனடா குடிவரவு அதிகாரிகள் அங்கீகரித்த வைத்தியர்தான் செய்ய வேண்டும், கிளினிக் முடிவைக் கொண்டுபோய்க் காட்ட முடியாது. கிளினிக் முடிவு அவர்களுக்குப் போவதும் இல்லை.

வந்த காரியத்தோடு தடுப்பூசியையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஈரல் அழற்சி பி தடுப்பூசி நம் நாட்டில் குழந்தைகளுக்கு 2003இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி. எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல் பாடசாலை மாணவிகளுக்குக் கொடுக்கிறார்கள். பெரியவர்கள் தனியாரிடம் பணம் கட்டிப் போட வேண்டியிருக்கும்.

9. முடிவு நல்லது, பயம் மட்டும் போகவில்லை என்றால்

இது நிறையப் பேருக்கு நடக்கிறது. இல்லை என்ற அறிக்கை கையில் இருக்கும், இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் "ஆய்வுகூடத்தில் மாதிரி மாறியிருந்தால்?" என்று தொடங்கும். நாக்கில் வெள்ளை, கழுத்தில் நெறி, தொடையில் புள்ளி. மறுபடியும் சோதனை, மறுபடியும் இரண்டு நாள் நிம்மதி. இந்த இடத்தில் இன்னொரு இரத்தப் பரிசோதனை உதவாது. இதற்கு வேறு வைத்தியம் உண்டு.

போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன, அவையும் இலவசம். வீட்டில் இருந்தபடி பேச வேண்டுமானால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம். தமிழில் பேச வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வதில் பயனில்லை என்ற நினைப்பு வருகிறது என்றால் 45 நாள் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு இந்தப் படியை முதலில் செய்யுங்கள்.

அங்கே போகும்போது கிளினிக் முடிவுகளைக் கொண்டுபோங்கள். எத்தனை முறை சோதனை செய்தீர்கள், ஒரு நாளில் எவ்வளவு நேரம் உடலைச் சோதித்துப் பார்க்கிறீர்கள், எவ்வளவு நேரம் கைபேசியில் தேடுகிறீர்கள் என்று குறைக்காமல் சொல்லுங்கள். நெருக்கத்தின் விபரத்தை அங்கே மீண்டும் சொல்லத் தேவையில்லை. "ஒரு நோய்ப் பயம், சோதனை செய்தும் போகவில்லை" என்று தொடங்கினால் போதும், மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள்.